சிப்காட் வந்தும் "வீட்டுலதான் இருக்கேன்" என்கிறார்கள்: பெண்களின் வேலையை எப்படி எண்ணுவது?

பென்னாகரம்_ஆய்வு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைப் பொருளாதாரம் படிக்கும் மாணவி. "பொருளாதார வளர்ச்சியும் பெண்களின் வேலைப் பங்கேற்பும்" என்ற தலைப்பில் ஆய்வேடு. தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பர்கூர் இரண்டு ஒன்றியங்களிலும் சேர்த்து 200 வீடுகளில் கணக்கெடுக்கத் திட்டம். கேள்வித்தாளைச் சோதித்துப் பார்த்தபோதே சிக்கல் வந்துவிட்டது. "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலான பெண்கள் "இல்லீங்க, வீட்டுலதான் இருக்கேன்" என்கிறார்கள். அப்படிச் சொல்பவரின் இடுப்பில் மல்பெரி தழைக்கட்டு இருக்கிறது. கொட்டகையில் இரண்டு கறவை மாடு நிற்கிறது.

மூன்று சந்தேகங்கள். வளர்ச்சி வரும்போது பெண்கள் முதலில் வேலையிலிருந்து விலகி, பிறகு தானாகத் திரும்பி வருவார்கள் என்ற யு வடிவ வளைவு நம் மாவட்டங்களுக்குப் பொருந்துமா? அரசு எண்களில் பெண்களின் பங்கேற்பு (வேலை செய்பவர், வேலை தேடுபவர் இருவரும் சேர்ந்த சதவீதம்) ஆறே வருடத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பானதாக வருகிறதே, அதை எப்படிப் படிப்பது? கேள்வித்தாளை எப்படி மாற்றுவது?

கொல்லைக்காடு எழுதியது:

கேள்வித்தாளில் இருந்து ஆரம்பிப்போம். அது தப்பானால் மற்ற இரண்டையும் எழுத உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

"வேலை" என்ற சொல்லையே கேள்வியிலிருந்து எடுத்துவிடுங்க. நம்ம பக்கம் வேலைக்குப் போறது என்றால் கூலிக்குப் போறது, இல்லை கம்பெனிக்குப் போறது. சொந்தக் கொல்லையில் நாள் முழுக்கக் களை எடுத்தாலும் அது வேலைக்குப் போனதில் சேராது. பதிலுக்குச் செயல்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்க: களையெடுப்பு, தக்காளி பறிப்பு, புல் அறுப்பு, பால் கறப்பு, பட்டுப்புழுவுக்கு மல்பெரி தழை போடுவது, புளி தட்டிக் கொட்டை எடுப்பது, பூக்கட்டுவது, தையல், கடையில் உட்காருவது, நூறு நாள் வேலை. ஒவ்வொன்றுக்கும், போன 7 நாளில் செய்தீர்களா, எத்தனை நாள், நாளுக்கு எத்தனை மணி, விளைந்ததில் விற்றது எவ்வளவு, வீட்டுக்கு வைத்தது எவ்வளவு, காசு யார் கைக்கு வந்தது. தான்சானியாவில் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். சுருக்கமாக ஒரே கேள்வியாகக் கேட்டபோது பெண்களின் பங்கேற்பு குறைந்து தெரிந்தது, விரிவாகக் கேட்டபோது கூடியது. பெண்களும் மாறவில்லை, ஊரும் மாறவில்லை.

அடுத்தது வரையறை. அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் (PLFS) ஒவ்வொரு வகை வேலைக்கும் தரும் குறியீட்டு எண்களையே நீங்களும் வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிடலாம். 11 சொந்தமாகத் தொழில் செய்பவர். 21 குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர். 31 மாதச் சம்பளம். 51 தினக்கூலி. 92 வீட்டு வேலை மட்டும். 93 வீட்டு வேலையோடு விறகு, தீவனம் சேகரிப்பது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது போன்றவை. நம் பெண்களில் பெரும்பகுதி இந்த 21-க்கும் 93-க்கும் நடுவில்தான் நிற்கிறார்கள், கேட்பவர் எந்தப் பக்கம் தள்ளுகிறாரோ அந்தப் பக்கம் விழுவார்கள்.

கோடு எங்கே என்பதைக் கேழ்வரகை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சொந்தக் கொல்லையில் கேழ்வரகு விதைத்து, களை எடுத்து, அறுத்தால், வீட்டுக்கே தின்றாலும் இந்தியக் கணக்கில் அவர் உழைப்பாளர். அதே கேழ்வரகை மாவாக்கிக் களி கிண்டினால் இல்லை. விறகு பொறுக்கினால் இல்லை, தண்ணீர் சுமந்தால் இல்லை. இதில் இன்னொரு சிக்கல்: 2013-ல் உலகத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு வரையறையை மாற்றியது. அதன்படி கூலிக்கோ லாபத்துக்கோ செய்வது மட்டும்தான் வேலைவாய்ப்பு, சொந்த உணவுக்காக விளைவிப்பது அதில் வராது. வேறு நாட்டு எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுமுன் எந்த வரையறை என்று பாருங்க. இதற்காகத்தான் விற்றது எவ்வளவு, வைத்தது எவ்வளவு என்று தனியாகக் கேட்கச் சொன்னேன். இரண்டு வரையறையிலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பட்டுப்புழு வீடுகளில் 7 நாள் கேள்வி மட்டும் போதாது. சாக்கி மையத்திலிருந்து (இளம்புழு வளர்த்துக் கொடுக்கும் இடம்) இரண்டாம் தோலுரிப்பு தாண்டிய புழுவை வாங்கி வந்தால் கூடு கட்டும் வரை ஏறக்குறைய 16 முதல் 18 நாள். அதில் கடைசி ஐந்தாம் பருவம் 7, 8 நாள்தான், ஆனால் மொத்தத் தழையில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த நாட்களில்தான் தின்னும். அந்த வாரம் நீங்கள் போனால் அந்தப் பெண் நாளுக்கு மூன்று முறை தழை வெட்டிப் போட்டு, படுக்கை மாற்றி, கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் புழு ஏற்றிக்கொண்டு இருப்பார், எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. கூடு விற்றுப் புழு வளர்ப்பு மனையைக் கழுவி மருந்தடித்துக் காயப்போட்டிருக்கும் வாரம் போனால் சுழியம் என்று எழுதுவீர்கள். அதனால் புழு வீட்டில் கடைசியாக முடிந்த ஒரு முழுப் பயிரைக் கேளுங்க, 7 நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்க. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூடு யார் பேரில் போகிறது, பணம் யார் வங்கிக் கணக்கில் விழுகிறது என்றும் ஒரு வரி சேருங்க. பட்டா ஆண் பேரில் இருந்தால் பெரும்பாலும் பணமும் அங்கேதான் போகும். அப்போது அந்தப் பெண் 11 இல்லை, 21.

யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது: அந்தப் பெண்ணிடமே. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தால் பதில் மாறும். வார நாளில் பகலில் மட்டும் போனால் கம்பெனிக்குப் போகும் பெண்கள் ஒருவரும் கண்ணில் படமாட்டார்கள், உங்கள் எண்ணே கீழே இறங்கிவிடும். ஒரு ஞாயிறாவது போங்க, பூட்டிய வீட்டுக்கு இரண்டு முறை திரும்பப் போங்க. ஓசூர், பெங்களூரு, திருப்பூரில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் மகள் குடும்ப உறுப்பினர் பட்டியலிலேயே வரமாட்டார். அவருக்குத் தனிக் கேள்வி வேண்டும். பென்னாகரம் பக்கம் இதை விட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

நெடுஞ்சாலை44 எழுதியது:

யு வளைவு பற்றி. விவசாய நாட்டில் பெண்கள் வயலில் நிறைய உழைக்கிறார்கள். வருமானம் உயர்ந்து வேலை வீட்டையும் வயலையும் விட்டுத் தொழிற்சாலைக்கு நகரும்போது பின்வாங்குகிறார்கள். படிப்பு கூடி அலுவலக வேலைகள் பெருகும்போது மறுபடி வருகிறார்கள். 1970-ல் எஸ்தர் போசரப் விவசாயத்தை வைத்துத் தொடங்கிய விவாதம் இது. 1995-ல் கிளாடியா கோல்டின் பல நாடுகளின் எண்களையும் அமெரிக்க வரலாற்றையும் வைத்து யு வடிவத்தை எடுத்துக்காட்டினார். 2023 பொருளாதார நோபல் பரிசு அவருக்குத்தான்.

ஆனால் இதை இயற்கை விதி போல ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். ஒரே நாட்டைக் காலப்போக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் வளைவு மிகவும் மங்கலாகத்தான் தெரிகிறது. வியட்நாமில் வேகமாக வளர்ந்த ஆண்டுகளிலும் பெண்களின் பங்கேற்பு உயரத்திலேயே நின்றது. பங்களாதேஷில் ஆயத்த ஆடைத் தொழில் பல லட்சம் பெண்களை முதல்முறையாகச் சம்பள வேலைக்கு இழுத்தது. ஆலைகளுக்குப் பக்கத்துக் கிராமங்களில் பெண் குழந்தைகளின் பள்ளிப்படிப்பு நீண்டது, கல்யாண வயது தள்ளிப்போனது. எவ்வளவு வளர்ச்சி என்பதைவிட எந்த மாதிரி வளர்ச்சி என்பதுதான் தீர்மானிக்கிறது. ஆள் அதிகம் தேவைப்படும் உற்பத்தித் தொழில் வழியாக வளர்ந்த இடங்களில் பெண்கள் வந்தார்கள். நம் நாட்டில் வளர்ச்சியின் பெரும்பங்கு சேவைத்துறையிலும் கட்டுமானத்திலும் வந்தது. பத்தாவது படித்த கிராமத்துப் பெண்ணுக்கு அதில் ஏறிக்கொள்ள படியே இல்லை.

இந்திய எண்களைப் பாருங்கள். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2004-05-ல் சுமார் 42.7 சதவீதம், 2011-12-ல் 31.2, 2017-18-ல் 23.3. பொருளாதாரம் வேகமாக வளர்ந்த காலம் இது. ஒரு காரணம் படிப்பு: 15 முதல் 20 வயதுப் பெண்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் இருந்தார்கள், அது நல்ல சரிவு. இன்னொரு காரணம் டிராக்டர். இயந்திர உழவு பரவியதால் களை குறைந்தது, களையெடுப்பு பெண்களின் வேலை. 1999-க்கும் 2011-க்கும் இடையே பெண்களின் விவசாய உழைப்பு குறைந்ததில் சுமார் 22 சதவீதத்துக்கு இயந்திர உழவே காரணம் என்று மாவட்டவாரி மண் வேறுபாட்டை வைத்துச் செய்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. வேலையிழந்த ஆண்கள் கட்டுமானத்துக்கும் டவுனுக்கும் போனார்கள். பெண்கள் ஊரிலேயே நின்றார்கள்.

பிறகு 2023-24-ல் 41.7. இதைச் சாதனை என்று மட்டும் படிப்பதும் தப்பு, பொய் என்று ஒதுக்குவதும் தப்பு. உள்ளே பிரித்துப் பாருங்கள். கிராமப்புறம் 24.6-லிருந்து 47.6-க்குப் போனது, நகர்ப்புறம் 20.4-லிருந்து 28.0-க்கு மட்டும். வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் பிரிவில் இருப்பவர்கள் 51.9 சதவீதத்திலிருந்து 67.4 ஆனார்கள். இதில் சம்பளமில்லாக் குடும்ப உதவியாளரும் அடக்கம், அவர்கள் மட்டுமே மொத்தப் பெண் உழைப்பாளர்களில் 36.7 சதவீதம். விவசாயத்தின் பங்கும் 57-லிருந்து 64.4-க்கு ஏறியது. உயர்வின் பெரும்பகுதி சொந்த நிலத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் நடந்திருக்கிறது. கணக்கெடுப்பவர்கள் 21-ஐயும் 93-ஐயும் இப்போது கவனமாகப் பிரிப்பதும் இதில் ஒரு பங்காக இருக்கலாம். உங்கள் 200 வீட்டுத் தரவு இந்த இடத்தில்தான் பயன்படும்.

தமிழ்நாட்டுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2019-20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களில் சுமார் 43 சதவீதம் தமிழ்நாட்டில் இருந்தார்கள். ஆகவே அகில இந்தியச் சராசரியைக் கிருஷ்ணகிரி மேல் அப்படியே போர்த்தாதீர்கள்.

லைன்_சூப்பர்வைசர் எழுதியது:

கம்பெனிப் பக்கத்து நடைமுறை இது. கணக்கெடுப்பில் "ஏன் போகவில்லை" என்று கேட்கும்போது உதவும்.

முதல் ஷிப்ட் காலை 6 முதல் 2. ஊர் 35, 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கம்பெனி பஸ் 4:30-க்கு வரும், வழியில் பத்து இடத்தில் நிற்கும். திரும்பி வீடு சேர 3:30. ஆக 11 மணி நேரம். இந்தியப் பெண்கள் சம்பளமில்லா வீட்டு வேலைக்குச் செலவிடுவது 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. 2024-ல் 289-க்கு 88. பதினொன்றோடு அந்த ஐந்து மணியைக் கூட்டினால் 16. மிச்சம் எட்டு மணி நேரத்தில் தூக்கமும் குளியலும் சாப்பாடும் பிள்ளை முகமும். அம்மாவோ மாமியாரோ சமையலை ஏற்றுக்கொள்ளாத வீட்டுப் பெண் மூன்று மாதம் தாண்டுவது கஷ்டம். "விருப்பமில்லை" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்தாதீங்க. பஸ் நிற்கும் இடத்துக்கு எத்தனை நிமிட நடை, வெளிச்சம் உண்டா, வீட்டில் காலைச் சமையல் யார் என்று கேளுங்க.

விலகுவது எப்போது என்று ஒரு வரிசை உண்டு. முதல் வாரம்: எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, தலை முதல் கால் வரை மூடிய உடை, ஏசி, மைக்ரோஸ்கோப்பில் கண் எரிச்சல். அடுத்தது முதல் நைட் ஷிப்ட். அதற்கடுத்தது முதல் சம்பளம். 15,000 என்று சொல்லிச் சேர்த்திருப்பார்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 என்று வைத்தால் பி.எஃப். 12 சதவீதம் 1,440 போகும், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 113 போகும், கைக்கு 13,447. கேன்டீன் பிடித்தம் இருந்தால் இன்னும் கீழே. ஏமாற்றிவிட்டார்கள் என்று வீட்டில் பேச்சு வரும், அடுத்த மாதம் அனுப்பமாட்டார்கள். சேரும் அன்றே ஒரு மாதிரிச் சம்பளச் சீட்டை அப்பா அம்மாவோடு உட்கார வைத்து விளக்கினால் இந்த ஒரு விலகலைத் தடுக்கலாம், செலவே இல்லை. ஆடி முடிந்து கல்யாண சீசன் வரும்போது இன்னொரு கூட்டம் போகும்.

இது நம்ம ஊர்ப் பெண்களின் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். எத்தியோப்பியாவில் தொழிற்சாலை வேலைக்கு விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் சேர்த்துப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு இருக்கிறது. மூன்றில் ஒருவர் முதல் மாதத்திலேயே விலகினார், ஒரு வருடத்துக்குள் 77 சதவீதம் பேர்.

நைட் ஷிப்ட் சட்டம் பற்றியும் தப்பாக எழுதாதீங்க. தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு காலை 6 முதல் மாலை 7 வரைதான் பெண்களை அனுமதித்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கி, பாதுகாப்பு, போக்குவரத்து, தனியாக இல்லாமல் குழுவாக வேலை என்ற நிபந்தனைகளோடு இரவுப் பணிக்கு வழி திறந்தது.

குழந்தைகள் காப்பகம்: 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் காப்பகம் வைக்கவேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது. சட்டம் சரி. ஆனால் விடிகாலை 4:30 பஸ்ஸில் கைக்குழந்தையோடு 40 கிலோமீட்டர் யார் வருவார்கள்? காப்பகம் ஊரில் இருக்க வேண்டும், ஷிப்ட் நேரத்துக்குத் திறந்திருக்க வேண்டும். அங்கன்வாடி மாலை 4 மணிக்குள் மூடிவிடும், இரண்டாம் ஷிப்ட் தாய்க்கு அதனால் ஒன்றுமில்லை. மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம், முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும், இ.எஸ்.ஐ. வழியானால் 70 நாள். ஒப்பந்தத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் இந்த உரிமை காகிதத்தில் நின்றுவிடும். உங்கள் கேள்வித்தாளில் நேரடி ஊழியரா ஒப்பந்தமா என்று கட்டாயம் ஒரு வரி வையுங்க.

வயதும் முக்கியம். ஆள் எடுப்பது பெரும்பாலும் 18 முதல் 25, பிளஸ் டூ, கல்யாணம் ஆகாதவர். 35 வயதுப் பெண்ணுக்கு அந்த வாசல் இல்லை. பங்கேற்பை ஒரே எண்ணாகப் போடாமல் ஐந்து ஐந்து வயதாகப் பிரித்துப் படம் போடுங்க. தென் கொரியாவில் நெடுங்காலம் எம் எழுத்து வடிவம் இருந்தது: இருபதுகளில் ஏறி, முப்பதுகளில் கல்யாணம் பிள்ளை என்று இறங்கி, நாற்பதுகளில் மறுபடி ஏறும். பர்கூரில் இரண்டாவது ஏற்றம் கொல்லையிலா கம்பெனியிலா என்று பார்த்தால் நல்ல கண்டுபிடிப்பு கிடைக்கும்.

காரிமங்கலத்தான் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. வீட்டுக்காரர் சம்பாத்தியம் நல்லா இருந்தா எதுக்குங்க ஒரு பொம்பள வெயில்ல நாள் முழுக்க அடுத்தவன் கொல்லையில களை எடுக்கணும்? வசதி வந்ததும் வீட்டோட இருக்காங்க. அது முன்னேற்றம்தானே? எல்லாரும் வேலைக்குப் போனாத்தான் வளர்ச்சின்னு எழுதறது சரியா படல.

நெடுஞ்சாலை44 எழுதியது:

நண்பரே, நீங்கள் சொல்வதை வருமான விளைவு என்பார்கள், யு வளைவின் இறங்குமுகத்துக்கே அதுதான் விளக்கம். உச்சி வெயிலில் கூலிக்குக் களை எடுப்பதை ஒரு பெண் விட்டால் அதை இழப்பு என்று நான் எழுதமாட்டேன். ஆனால் அவரிடம் வேறு வேலை இருந்தால் வருவாரா என்றும் கேட்க வேண்டும். 2011-12 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் கேட்டார்கள். வீட்டு வேலையிலேயே இருக்கும் பெண்களில் கிராமத்தில் சுமார் 34 சதவீதம், நகரத்தில் சுமார் 28 சதவீதம் பேர் வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய வேலை கிடைத்தால் செய்வோம் என்றார்கள். அதிகம் பேர் சொன்னது தையல். கூலிக் களையெடுப்பை விட்டவர் உழைப்பையே விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வட இந்தியக் கிராமங்களில் ராபர்ட் ஜென்சன் செய்த சோதனையும் இதையே காட்டுகிறது. 160 கிராமங்களில் பாதியில், மூன்று வருடம், கால் சென்டர் வேலைக்கு ஆள் எடுப்பவர்களை அனுப்பிப் பெண்களுக்கு வழி காட்டினார்கள். வேறு உதவி எதுவும் இல்லை. அந்தக் கிராமங்களில் இளம்பெண்கள் அதிகம் வேலைக்குப் போனார்கள், கல்யாணமும் பிள்ளைப்பேறும் தள்ளிப்போனது, சிறுமிகள் கூடுதலாகப் பள்ளியில் தங்கினார்கள். வேலை கண்ணில் பட்டதும் விருப்பமும் மாறியது.

பென்னாகரம்_ஆய்வு எழுதியது:

கொல்லைக்காடு அண்ணா, மற்ற எல்லோருக்கும் மிக்க நன்றி. கேள்வித்தாளை முழுக்க மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு: 200 வீட்டை வைத்து பர்கூரில் பென்னாகரத்தைவிட அதிகம் என்று முடிவு சொல்ல முடியுமா? பெண்கள் எல்லோரும் வேலைக்கு வந்தால் ஜிடிபி இத்தனை சதவீதம் கூடும் என்று வரும் எண்களை எடுத்தாளலாமா?

கொல்லைக்காடு எழுதியது:

200 வீட்டில் 15 வயதுக்கு மேல் சுமார் 280 பெண்கள் என்று வைப்போம். பங்கேற்பு 40 சதவீதம் வந்தால் சாதாரணக் குலுக்கலில் பிழை வரம்பு இரண்டு பக்கமும் 5.7 புள்ளி. ஆனால் நீங்கள் பத்துப் பன்னிரண்டு கிராமத்தில்தான் எடுப்பீர்கள், ஒரே ஊர்ப் பெண்கள் ஒரே மாதிரி இருப்பார்கள். அதற்காக மாறுபாட்டை (variance) இரட்டிப்பாக வைத்தால் பிழை 8 புள்ளிக்கு ஏறும். ஒன்றியத்துக்கு 140 பேராகப் பிரித்து ஒப்பிட்டால் வித்தியாசம் 16 புள்ளிக்கு மேல் இருந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். ஆக 43-க்கு 36 என்று வந்தால் "பர்கூர் முன்னணி" என்று எழுதாதீங்க. ஊருக்கு 20 வீடு என்று 10 ஊர் எடுப்பதைவிட ஊருக்கு 8 வீடு என்று 25 ஊர் எடுங்க. அலைச்சல் கூடும், ஆனால் அதே 200 வீட்டில் பிழை குறையும். ஊராட்சி முழுக்க வீட்டுப்பட்டியல் எழுதி ஒவ்வொரு இத்தனையாவது வீடு என்று எடுங்க. ரோட்டோர வீடுகளாக எடுத்தால் பஸ் வசதி உள்ளவர்களே மாட்டுவார்கள்.

ஜிடிபி எண்ணுக்குச் சின்னக் கணக்கு. 50 ஆண்களில் 40 பேர், 50 பெண்களில் 15 பேர் வேலை செய்கிறார்கள், மொத்தம் 55. பெண்கள் 25 ஆனால் மொத்தம் 65, ஆள் கணக்கில் 18 சதவீதம் உயர்வு. புதிதாக வந்த பத்துப் பேரின் உற்பத்தி சராசரியில் பாதி என்றால் மொத்த உற்பத்தி 9 சதவீதம்தான் கூடும். அந்தப் பத்துப் பேரும் ஏற்கெனவே மாடு பார்த்தவர்கள், இப்போதுதான் எண்ணினோம் என்றால் உண்மையில் ஒன்றுமே கூடவில்லை. பெரிய சதவீதம் சொல்லும் அறிக்கை, புதிதாக வருபவர் எல்லோரும் சராசரி உற்பத்தி தருவார்கள் என்பது போன்ற அனுமானத்தில் நிற்கிறதா என்று பாருங்க. எடுத்தாண்டால் அந்த அனுமானத்தையும் கூடவே எழுதுங்க.

குழு_கணக்கர் எழுதியது:

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், காசு யார் கையில் என்பது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியதே பழைய தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி 2004-ல்தான் பிரிந்தது. ஆகவே இரண்டு ஒன்றியங்களுக்கும் முப்பது வருடத்துக்கு மேல் குழு வரலாறு உண்டு. ஆனால் குழுக் கடனில் வாங்கிய மாடு பெண் பேரில், உழைப்பு பெண்ணுடையது, பால் பணம் எடுக்கும் புத்தகம் சில வீட்டில் ஆண் பேரில். குழுவில் இருக்கிறாரா என்பதோடு நிறுத்தாமல் பால் பணம், கூலி, பட்டுக்கூடு விற்ற பணம் மூன்றும் எந்தக் கணக்கில் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் கூலியைப் பெண்ணின் சொந்தக் கணக்கில் நேரடியாகப் போட்டு, கணக்கை இயக்கப் பயிற்சியும் கொடுத்த இடங்களில் பெண்கள் அந்தத் திட்டத்திலும் வெளியேயும் கூடுதலாக உழைத்தார்கள். முன்பு கணவர் தடுத்த வீடுகளில் மாற்றம் அதிகம்.

பெண் ஏன் சம்பள வேலையை மறுக்கிறார் என்பதற்குக் கூட்டல் கழித்தலும் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு: கைக்கு 13,400. இரண்டு மாட்டை விற்றால் நாளுக்கு 10 லிட்டர், லிட்டர் 35 ரூபாய், தீவனம் போக 150 ரூபாய் மிச்சம் என்றால் மாதம் 4,500 போய்விடும். போக வர, வெளிச் சாப்பாடு, பிள்ளைக்கு ஆள் என்று 2,000. உண்மையான கூடுதல் 6,900, நாளுக்கு 11 மணி நேரத்துக்கு. இந்தக் கணக்கு அவர்கள் மனதில் எப்போதோ ஓடி முடிந்திருக்கும். நீங்கள் ஊர் விலையைப் போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதுங்கள். மகளிர் விடியல் பயணம் 2021 மே முதல் உண்டு, ஆனால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான். அந்த ஊருக்கு டவுன் பஸ் எத்தனை நடை, முதல் நடை எத்தனை மணி என்று பஸ் நிறுத்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம் 2023 ஜூலை 24-ல் நம்ம தொப்பூரில்தான் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லோர் நினைவிலும் இருக்கிறது. 13,000 சம்பளம் வருடத்துக்கு 1,56,000, கணவர் மாதம் 10,000 என்றால் 1,20,000, கூட்டினால் 2,76,000. ஆயிரம் ரூபாய் போய்விடுமோ என்ற பயத்தில் பெண் வேலையை மறைப்பார், மகள் வேலையையும் மறைப்பார். அதனால் அரசு உதவி பற்றிய கேள்வியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். ரேஷன் கார்டு எண், ஆதார் எதுவும் கேட்காதீர்கள். முதல் வரியிலேயே கல்லூரி ஆய்வு, அரசு அலுவலகத்துக்குப் போகாது என்று சொல்லிவிடுங்கள்.

தண்ணீரையும் விடாதீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் இரண்டு மாவட்டத்துக்கும் வந்தது, ஃபுளோரைடு தண்ணீருக்கு மாற்றாக. அது தெருக்குழாய் வரையா வீடு வரையா, நாளுக்கு எத்தனை நிமிடம் பெண்ணுக்குப் போகிறது என்று எழுதினால் வேலை நேரத்தோடு ஒப்பிடலாம்.

பென்னாகரம்_ஆய்வு எழுதியது:

அக்கா, உரிமைத் தொகைக் கேள்வி இரண்டாம் பக்கத்தில் இருந்தது. கடைசிக்கு மாற்றிவிட்டேன். 25 ஊர், ஊருக்கு 8 வீடு என்றும் மாற்றியாயிற்று. ஏப்ரல் மாதம் இறங்கலாம் என்று இருக்கிறேன்.

கொல்லைக்காடு எழுதியது:

ஏப்ரலில் புளி வேலை முடியும் தறுவாயில் இருக்கும், ஓடு நீக்கி நார் உரித்துக் கொட்டை எடுப்பது வீட்டுத் திண்ணையிலேயே நடக்கும். கூலி கிலோ கணக்கு, அதனால் மணி நேரத்தோடு கிலோவும் எழுதிக்கொள்ளுங்க. மாங்கூழ் ஆலைகள் மே கடைசியில் சூடு பிடித்து ஜூலை வரை ஓடும், அந்த ஆலைக்கூலி ஏப்ரல் கணக்கெடுப்பில் வராது. 12 மாதத்துக்கும் கட்டம் போட்டு எந்த மாதம் எந்த வேலை என்று நிரப்பச் சொல்லுங்க. கையில் காசும் நேரமும் இருந்தால் பர்கூர் பக்கம் கால்வாசி வீடுகளுக்கு மட்டும் ஜூனில் ஒருமுறை திரும்பிப் போங்க. அதே பெண்ணிடம் அதே கேள்வி.